அளந்தவர்களும் எண்ணியவர்களும்

எட்டாம் வகுப்பில் எங்கள் பி.டி. டீச்சர் வகுப்பறைச் சுவரில் கரிக்கோடு போட்டு எல்லாருடைய உயரத்தையும் அளந்தார்கள். என் கோடுதான் மேலே இருந்தது. அன்றிலிருந்து பள்ளியில் என் இடம் முடிவாகிவிட்டது. அசெம்பிளி வரிசையில் கடைசி, குரூப் ஃபோட்டோவில் பின்வரிசையின் ஓரம், எறிபந்து அணியில் நடுவில். மூன்று வருஷம் விளையாடினேன். பத்தாம் வகுப்புப் பாதியில் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பந்தை எட்டி எட்டிப் பிடித்தால் பிள்ளை இன்னும் வளர்ந்துவிடும் என்பது ஆச்சியின் கணக்கு. "ஏட்டி, இதுக்கு மேல வளராத. ஒனக்கு மாப்பிள பாக்க நாங்க எங்க போவோம்?" என்பாள். பாதி சிரிப்பாகச் சொன்னாலும் முழுசாகப் பயந்துதான் சொன்னாள்.

இப்போது யோசித்தால் ஒன்று உறுத்துகிறது. அந்தச் சுவரில் என் கோடு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பது அங்குலம் பிசகாமல் நினைவிருக்கிறது. நாங்கள் எத்தனை ஆட்டம் ஜெயித்தோம், நான் எத்தனை புள்ளி எடுத்தேன் என்பது எதுவும் நினைவில்லை. எனக்கு மட்டும் அல்ல, யாருக்கும் இல்லை. யாரும் எழுதி வைக்கவில்லை. என்னை அளந்தார்கள். நான் செய்ததை எண்ணவில்லை.

தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இந்தக் கரிக்கோட்டைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

1

யாழ்ப்பாணத்தின் புன்னாலைக்கட்டுவனில் 1979-ல் பிறந்தவர் தர்ஜினி. இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் கோல் ஷூட்டராக ஆடியவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் அவரைப் பற்றி வந்த செய்திகளைத் தேடித் தேடி வாசித்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் முதல் வரியே உயரம்தான்: 208 சென்டிமீட்டர், அதாவது ஆறடி பத்து அங்குலம். தலைப்பில் உயரம், படத்தில் பக்கத்தில் நிற்கும் குட்டையான ஒருவர், பேட்டியின் முதல் கேள்வி உயரம். சின்ன வயதில் பட்ட கேலி இரண்டாவது கேள்வி. அவர் விளையாடுகிறார் என்பதற்கு நான்காவது பத்தி வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

அந்த நான்காவது பத்தியில் என்ன இருக்கிறது? 2009, 2018, 2022 என மூன்று முறை ஆசியக் கோப்பையை இலங்கை வென்ற அணிகளில் அவர் இருந்தார். 2011-ல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியின் சிறந்த ஷூட்டர் அவர்தான். 2019-ல் லிவர்பூலில் நடந்த உலகக் கோப்பையில் 348 கோல் போட்டார். அந்தப் போட்டியில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, ஜமைக்கா என்று எந்த அணியின் வீராங்கனையும் அவ்வளவு கோல் போடவில்லை. அப்போது அவருக்கு வயது 40. இலங்கை அணி 16 நாடுகளில் 15-வதாக வந்தது.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து வாசித்தால் ஒரு கதை எழும்புகிறது. கடைசிக்கு முந்தின இடத்தில் நிற்கிற அணி. அதில் 40 வயதுப் பெண் ஒருத்தி. தோற்கிற ஆட்டத்திலும் திரும்பத் திரும்பப் பந்தை வளையத்துக்குள் போட்டுக்கொண்டே இருக்கிறாள். இதை எழுத யாருக்கும் தோன்றவில்லை. உயரம் எழுதுவது சுலபம். அதற்கு ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

உயரம் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். வலைப்பந்தில் வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கூடைப்பந்தில் இருப்பதுபோல் பின்னால் பலகை கிடையாது. தடுக்க வருகிறவள் ஷூட்டரின் காலிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளித்தான் நிற்கலாம். ஆக, உயரமான ஷூட்டருக்கு இந்த ஆட்டத்தில் ஆதாயம் உண்டு. ஆனால் பந்து கைக்கு வந்தால் மூன்று வினாடிக்குமேல் வைத்திருக்கக் கூடாது. ஊன்றிய காலை எடுத்து மறுபடி ஊன்றக் கூடாது. பின்னாலிருந்து இரண்டு பேர் இடத்தைப் பிடிக்கப் பார்ப்பார்கள். தள்ளாமல், தள்ளப்படாமல் அந்த இடத்தில் நிற்க வேண்டும். தலைக்கு மேலே வரும் பந்தைக் காற்றிலேயே கணக்குப்போட்டுப் பிடிக்க வேண்டும். மோதிச் சரிந்து உள்ளே விழப் பலகை இல்லாததால் கை நடுங்கினால் பந்து வெளியேதான். இதை 348 முறை செய்ததற்குப் பெயர் உயரமில்லை.

இன்னொரு யாழ் அல்லாத இலங்கைத் தமிழரோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். முத்தையா முரளிதரனின் உடலையும் உலகம் அளந்தது. அவருடைய முழங்கை எத்தனை பாகை மடங்குகிறது என்று ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். அது அவமானம்தான். ஆனாலும் இன்று தெருவில் போகிற பையனைக் கேட்டால் 800 விக்கெட் என்பான். அளந்ததைவிட எண்ணியது பெரிதாக நின்றுவிட்டது. தர்ஜினிக்கு அது நடக்கவில்லை. 348 என்ற எண்ணை என் வகுப்பு மாணவிகளிடம் எழுதிக்காட்டி இது என்ன என்று கேட்டேன். ஒருத்தி சட்டப்பிரிவா என்றாள்.

2

பெண்களை அளப்பது விளையாட்டுச் செய்தியாளர்கள் கண்டுபிடித்த வழக்கமில்லை. இந்த விளையாட்டே ஓர் அளவுகோலில் பிறந்ததுதான். அதன் விதிப்புத்தகத்தை ஒரு பிரதியாக எடுத்து வாசித்தால் தெரியும்.

அமெரிக்காவில் 1891-ல் ஆண்களுக்காகக் கூடைப்பந்து உருவானது. அடுத்த ஆண்டே ஸ்மித் கல்லூரி ஆசிரியை செந்தா பெரென்சன் அதைப் பெண்களுக்காக மாற்றினார். மைதானத்தை மூன்றாகப் பிரித்தார். ஒருத்தி தன் பகுதியை விட்டு வெளியே ஓடக் கூடாது, பந்தைப் பறிக்கக் கூடாது. பெண் அதிகம் ஓடினால் நரம்பு தளரும், கருப்பை கெடும் என்று மருத்துவர்களே பேசிய காலம். அதே நேரத்தில் லண்டனில் மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பெர்க் நடத்திய பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரிக்கும் இந்த ஆட்டம் போய்ச் சேர்ந்தது. அங்கே அது வெளி மைதானத்துக்கு வந்தது. கூடையின் இடத்தில் வளையம் வந்தது. 1901-ல் விதிகள் அச்சாகின. தரைவரை தொங்கும் பாவாடையோடு பந்தைத் தட்டிக்கொண்டே ஓட முடியாது. அதனால் தட்டி ஓடுதல் இல்லை. பிடி, நில், எறி. அவ்வளவுதான்.

ஆக, இன்று நாம் விளையாட்டின் இலக்கணம் என்று நினைக்கிற பல விதிகளுக்கு உள்ளே ஒரு பாவாடையும் ஒரு டாக்டரும் ஒளிந்திருக்கிறார்கள். ஏழு பேரும் நெஞ்சில் எழுத்து மாட்டிக்கொள்கிறார்கள். எந்த எழுத்துக்காரி எந்தக் கட்டத்தில் நிற்கலாம் என்று விதி சொல்கிறது. கோல் போட இரண்டு பேருக்குத்தான் அனுமதி. மற்ற ஐந்து பேர் ஆட்டம் முழுக்க ஓடினாலும் ஒரு முறைகூட வளையத்தைக் குறிபார்க்க முடியாது.

நாஞ்சில் நாட்டுக்காரிக்கு இதை வாசிக்கும்போது வேறொரு விதிப்புத்தகம் நினைவுக்கு வராமல் இருக்காது. திருவிதாங்கூரில் 1820-களிலிருந்து நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859-ல், அரசர் ஓர் ஆணை பிறப்பித்தார். நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று அது அனுமதித்தது. ஆனால் எப்படி மறைக்கலாம் என்பதையும் அதுவே சொன்னது. ரவிக்கை போடலாம், கடற்கரைப் பெண்கள் கட்டுவதுபோல் முரட்டுத் துணி கட்டலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் மட்டும் உடுத்தக் கூடாது. உரிமையைக் கொடுக்கிற கையே கோடும் போட்டது. அந்த ஆணையையும் வலைப்பந்து விதிகளையும் ஒன்றாக்க நான் முயலவில்லை. ஒன்று சாதியின் வன்முறைக்கு எதிராக உயிரைப் பணயம் வைத்துப் பெற்றது, மற்றது வசதியான வீட்டுப் பெண்களின் கல்லூரியில் எழுதப்பட்டது. ஆனால் இரண்டிலும் ஒரே பழக்கம் தெரிகிறது. பெண்ணுக்கு ஓர் இடம் திறக்கும்போதே அந்த இடத்தின் எல்லையையும் அளந்துவிடுவது.

இங்கே பெண்ணியவாதிகளான நாம் அவசரப்பட்டு நின்றுவிடக் கூடாது. வேலி போட்டுக் கொடுத்த நிலத்தில் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் மீதிக் கதை. ஒருத்தியால் மைதானம் முழுக்க ஓட முடியாது என்பதால் பந்து ஏழு பேர் கைக்கும் போக வேண்டியதாயிற்று. ஒரு நட்சத்திரம் தனியாக ஆடி ஜெயிக்க முடியாத ஆட்டமாக அது வளர்ந்தது. ஆண்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. அதனால் நிர்வாகம், நடுவர், பயிற்சி, கணக்கு எல்லாமே பெண்கள் கையில் இருந்தது. ஆஸ்திரேலியாவில் 1927-லேயே பெண்கள் தங்களுக்கென்று தேசிய அமைப்பு வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாக ஆடப்பட்ட இந்த ஆட்டத்துக்குப் பொது விதிகள் வகுக்கவும் சர்வதேச அமைப்பை உருவாக்கவும் பெண்கள் 1960-ல் கூடினார்கள். கூடிய இடம் கொழும்பு. மூன்று ஆண்டு கழித்து இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் 11 நாடுகள் மோதிய முதல் உலகப் போட்டி நடந்தபோது இலங்கை அணியும் அங்கே இருந்தது.

கன்னியாகுமரிக்கு மிக அருகில் இருக்கிற ஒரு தலைநகரில் பெண்கள் உட்கார்ந்து ஓர் உலக விளையாட்டின் விதியை எழுதியிருக்கிறார்கள். நாகர்கோவிலில் விளையாடி வளர்ந்த எனக்கு நாற்பது வயதுவரை அது தெரியாது.

3

தமிழ் படித்தவள் என்பதால் இன்னொரு கேள்வியும் எனக்கு உண்டு. பந்து விளையாடும் பெண் நம் இலக்கியத்துக்குப் புதியவளா என்ன? சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி இருக்கிறது. பெண்கள் பந்தடித்துக்கொண்டு பாண்டியனை வாழ்த்துகிறார்கள். ஆட்டம் அவர்களுடையது, வாழ்த்து மன்னனுக்கு. எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத குற்றாலத்தில் பிறந்த குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகிறாள். பாட்டு அழகுதான். சந்தத்தில் பந்து துள்ளுவதே கேட்கும். ஆனால் அந்தப் பகுதியை மறுபடி எடுத்து, கவிஞர் எதைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொண்டே வாசியுங்கள். இடை துவள்கிறது, வளை ஒலிக்கிறது, கூந்தல் அவிழ்கிறது. பந்து எங்கே போயிற்று? எத்தனை முறை அடித்தாள்? தவறவிட்டாளா? தெரியாது. அவள் ஆடுவது நம் கண்ணுக்காக. கொஞ்ச நேரத்தில் குற்றாலநாதர் உலா வந்ததும் பந்து மறந்துபோய்க் காதல் தொடங்கிவிடுகிறது. பந்தாட்டம் காதலுக்கு முன்னால் வருகிற அலங்காரம்.

கல்லூரியில் இந்தப் பகுதியை எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். நானும் சந்தத்தைத்தான் சொல்லிக்கொடுத்தேன். விளையாடிய பெண் என்ற முறையில் ஒரு நாள்கூட அதை வாசிக்கவில்லை. அது என் தவறு.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கொங்குவேளிர் எழுதிய பெருங்கதையில், பந்தடி கண்டது என்ற பகுதியில், பெண்கள் போட்டி போட்டுப் பந்தடிக்கிறார்கள். அங்கே எண்ணிக்கை இருக்கிறது. முதல் பெண் இத்தனை கை அடித்தாள், அடுத்தவள் அவளைவிட இத்தனை கூட அடித்தாள் என்று ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் மானனீகை எல்லாரையும் விஞ்சுகிறாள். கையால் எப்படித் தட்டினாள், எந்தப் பக்கம் திரும்பினாள் என்ற விவரமும் வருகிறது. ஆடத் தெரிந்தவர்களைப் பார்த்து எழுதியது போலிருக்கும். இதையும் உதயணன் பார்த்துக் காதலிக்கத்தான் செய்கிறான், காவியத்தின் போக்கை மாற்ற முடியாது. ஆனாலும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு தமிழ்க் காவியத்தில் பெண்களுக்கு ஒரு ஸ்கோர் இருந்திருக்கிறது. வர்ணிக்கிற கண்ணும் எண்ணுகிற கண்ணும் நம் மரபில் இரண்டுமே உண்டு. முதல் கண்ணை வளர்த்தோம். இரண்டாவதை மூடிவிட்டோம்.

தர்ஜினியின் உயரத்தை எழுதும் செய்தியாளர் வசந்தவல்லியின் இடையை எழுதிய கவிஞரின் வாரிசுதான். இடை போய் உயரம் வந்திருக்கிறது. முன்பு அழகென்று வியந்தார்கள், இப்போது அதிசயமென்று வியக்கிறார்கள். இரண்டிலும் பெண் நின்றுகொண்டிருக்கிறாள். செய்துகொண்டிருக்கவில்லை.

4

2010-களில் தர்ஜினி ஆஸ்திரேலியாவுக்குப் போய் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் என்ற கிளப்புக்காக ஆடினார். இந்தப் பெயர் தமிழில் வந்த செய்திகளில் ஒரு சொல்லாகக் கடந்து போகிறது. வெளிநாட்டுக்குப் போனார் என்பது பெருமை, எங்கே போனார் என்பது யாருக்கும் அக்கறையில்லை. எனக்கு அந்த இடம்தான் முக்கியமாகப்பட்டது.

அது தொலைக்காட்சியில் வருகிற தேசிய லீக் அணியில்லை. விக்டோரியா மாநில லீக்கில் ஆடும் கிளப். மெல்பர்னின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தது. தொழிற்சாலைகளும், பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களும் நிறைந்த பகுதி அது. ஆஸ்திரேலிய வலைப்பந்து ஒரு படிக்கட்டு மாதிரி. கீழே பேட்டைச் சங்கங்கள், அங்கே சனிக்கிழமை காலையில் எட்டு வயதுச் சிறுமியும் ஆடுவாள், அவள் அம்மாவும் ஆடுவாள். மேலே தேசிய லீக், அதற்கும் மேலே டயமண்ட்ஸ் என்று பெயர்பெற்ற தேசிய அணி. இரண்டுக்கும் நடுவில் மாநில கிளப்புகள். பகலில் ஆசிரியையாகவோ நர்ஸாகவோ வேலை பார்த்துவிட்டுச் சாயந்திரம் பயிற்சிக்கு வரும் பெண்களை வைத்துத்தான் இந்த நடுப்படி நிற்கிறது. மெல்பர்ன் ராயல் பார்க்கில் உள்ள மாநில மையத்தில் ஆட்டங்கள் நடக்கும்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு மேசை இருக்கும். அதில் இரு அணிக்கும் ஸ்கோர் எழுதுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வளையத்தைக் குறிபார்த்த ஒவ்வொரு முயற்சியும் பதிவாகும், உள்ளே போனதும் தவறியதும். பெண்கள் செய்ததைப் பெண்கள் எண்ணி எழுதுகிற வேலை இது. அந்த நாட்டில் எத்தனையோ தலைமுறையாக நடக்கிறது. புன்னாலைக்கட்டுவனில் பரிகாசமான ஓர் உடல் அங்கே போனதும் உயரமில்லாததாகிவிடவில்லை. அங்கேயும் ஆச்சரியமாகப் பார்த்திருப்பார்கள். ஆனால் ஆட்டம் முடிந்ததும் அவர் பெயருக்கு நேரே ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை அடுத்த வாரம் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு கிளப் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிற மரியாதை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாராட்டு விழாவும் பொன்னாடையும் அதற்கு அப்புறம்.

அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. 2017-ல் ஆஸ்திரேலியாவில் புதிய தேசிய லீக் தொடங்கியபோது ஆண்களின் ஃபுட்பால் கிளப்புகள் பெண்களின் வலைப்பந்து அணிகளைச் சொந்தமாக்கிக்கொண்டு உள்ளே வந்தன. மெல்பர்னின் புகழ்பெற்ற காலிங்வுட் கிளப்பும் அதில் ஒன்று. பணம் வந்தது, பெரிய அரங்கம் வந்தது. 2023 பருவம் முடிந்ததும் காலிங்வுட் தன் வலைப்பந்து அணியை மூடிவிட்டது. ஏழு ஆண்டுகள்தான். பெண்களே நடத்திய சங்கங்கள் ஒரு நூற்றாண்டைத் தொடுகிற நேரத்தில், ஆண்களின் கிளப் கணக்குப் பார்த்து வெளியேறிவிட்டது. அதே ஆண்டுக் கடைசியில் ஊதிய ஒப்பந்தம் முடியாததால் தேசிய லீக் வீராங்கனைகள் வாரக்கணக்கில் சம்பளமில்லாமல் இருந்தார்கள். உலகக் கோப்பையை ஜெயித்த கையோடு.

அதற்கு முந்தின ஆண்டு இன்னொன்று நடந்தது. நூங்கார் பழங்குடியைச் சேர்ந்த டானெல் வாலம் தேசிய அணிக்குத் தேர்வானார். அந்த நேரத்தில் ஹான்காக் என்ற சுரங்க நிறுவனம் ஒன்றரைக் கோடி ஆஸ்திரேலிய டாலர் ஆதரவு தர முன்வந்திருந்தது. நிறுவனத்தைத் தொடங்கிய லாங் ஹான்காக், பழங்குடி மக்கள் பிள்ளை பெறாமல் இருக்கத் தண்ணீரில் மருந்து கலக்கலாம் என்று 1984-ல் தொலைக்காட்சியில் பேசியவர். அந்தப் பெயரை நெஞ்சில் போட்டுக்கொள்ள வாலம் தயங்கினார். சக வீராங்கனைகள் அவரோடு நின்றார்கள். நிறுவனம் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வாலம் 2022 அக்டோபரில் இங்கிலாந்துக்கு எதிராகத் தன் முதல் ஆட்டத்தை ஆடினார், கடைசி வினாடிகளில் வெற்றிக் கோலைப் போட்டதும் அவர்தான். பணத்தை இழக்கவைத்தவர் என்று அவரைக் குற்றம் சொன்னவர்களும் உண்டு. மேலே போடும் துணியை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி நாஞ்சில் நாட்டுக்கு 1859-ல் தீர்ந்துவிட்டதாக யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லலாம்.

5

எண்ணுவதைப் புகழ்ந்துகொண்டே வந்தேன். எண்ணிக்கைக்கும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 348 கோல் என்றால் 348 முறை யாரோ ஒருத்தி பந்தைத் தர்ஜினியின் கைக்குச் சேர்த்திருக்கிறாள். தடுக்கிறவர்களின் கைக்கு எட்டாமல், தர்ஜினியின் கைக்கு மட்டும் எட்டும்படி அந்தப் பந்து மேலே ஏறி இறங்கியிருக்க வேண்டும். எழுத்துப் போட்ட சட்டையோடு கட்டத்துக்குள் ஓடிய அந்தச் சிங்களப் பெண்களின் பெயர்கள் தமிழ்ச் செய்திகளில் இல்லை. எங்கள் பெண் என்று நாம் கொண்டாடுகிறபோது அவர்கள் விடுபட்டுப்போகிறார்கள். தமிழ்ப் பெண் எங்கள் அணியில் இருக்கிறாள் பாருங்கள் என்று இலங்கை அரசு காட்டியபோதும் அவர்கள் விடுபட்டார்கள். ஆசியக் கோப்பையை அந்த அணி வென்ற 2009, போர் முடிந்த ஆண்டு. ஒரே அணியில் ஆடியவர்களின் வீடுகளில் அந்த ஆண்டு ஒரே மாதிரி இருந்திருக்காது. அந்த உடலின்மேல் யாழ்ப்பாணமும் கொழும்பும் தங்கள் தங்கள் கொடியை நட்டுக்கொண்டன. இரண்டும் ஒரு வகையில் அளப்பதுதான்.

நான் கேட்பது எளிய காரியம். பெண்ணின் விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆட்டத்தை எழுதட்டும். அவள் எங்கே நின்றாள், பந்து எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள், எத்தனை உள்ளே போனது, எத்தனை தவறியது. தவறியதையும் எழுத வேண்டும். தவறியதை எழுதாத கணக்கு வெறும் புகழ்ச்சி. உயரத்தை வேண்டுமானால் கடைசிப் பத்தியில் வைத்துக்கொள்ளலாம்.

நம் மாவட்டத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. 1819-லிருந்து பெண்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்த ஊர் நாகர்கோவில். கோ-கோ, எறிபந்து, வளையப்பந்து, கூடைப்பந்து என்று இங்கே எத்தனை தலைமுறைப் பெண்கள் மைதானத்தில் ஓடியிருப்பார்கள். தூத்தூர் கடற்கரைப் பையன்களின் ஃபுட்பாலைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. இந்தப் பெண்களின் ஆட்டத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம்கூட என் கண்ணில் பட்டதில்லை.

போன வருஷம் என் மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் விளையாடிய பெண் யாராவது இருந்தால் அவர்களுடைய சான்றிதழைத் தேடி எடுத்து வரச் சொன்னேன். வரும் என்று நினைக்கவில்லை, பதினொன்று வந்தது. பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியிலும், ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரிலும் அவை இருந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் பெயர், தகப்பனார் பெயர், பள்ளி, விளையாட்டு, பங்கேற்றதற்காக என்ற வார்த்தை. ஒன்றில்கூட எண் இல்லை. மறுபடி வீட்டுக்குப் போய்க் கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

ஒரு பெண்ணின் அம்மா 1991-ல் மாவட்ட அளவில் கோ-கோ ஆடியவர். இப்போது முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறார். மகள் கேட்டதும் முதலில், "அதெல்லாம் எதுக்குப் பிள்ளே இப்பம்" என்றாராம். பாத்திரம் கழுவிக்கொண்டே கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொல்லியிருக்கிறார்: "மூணு ஆட்டம். ரெண்டுல ஜெயிச்சோம். நான் ஏழு பேரத் தொட்டேன். கடைசி ஆட்டத்துல ஒருத்திய விட்டுட்டேன், அவ கால் வழுக்கிட்டு, நானும் நின்னுட்டேன்."

முப்பது வருஷத்துக்குமேல் அந்த எண்ணை அவர் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார், தவறவிட்டதையும் சேர்த்து. மகள் அதைச் சான்றிதழின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தாள். பேனாவால் எழுது என்று சொன்னேன்.